மலைக்குகையில் அமர்ந்திருப்போர்: இபலோய் மக்களின் மரணச் சடங்குகள்

"மம்மி" என்ற சொல் காதில் விழுந்ததும் நமக்கு ஃபிர்அவ்னின் நினைவுதான் வருகின்றது. கடலில் மூழ்கிய கொடுங்கோலனின் உடல் பின்வருவோர்க்கு அத்தாட்சியாக விட்டுவைக்கப்பட்ட செய்தியைக் குர்ஆன் மத்ரஸாவிலே கேட்ட நாள் தொட்டு, பதனிட்ட பிரேதம் என்றால் எகிப்து, எகிப்து என்றால் ஆணவம் என்றொரு கணக்கு நம் மனத்தில் பதிந்துவிட்டது. அந்தச் சொல்லும் நமக்கு அந்நியமானதன்று. நிலக்கீலைக் குறிக்கும் "மூமியா" என்ற அரபுச் சொல்லே ஐரோப்பியர் வாயில் நுழைந்து மம்மி ஆயிற்று. பிரமிட்டுகளும் பேரரசர்களும் இல்லாத ஒரு மலைநாட்டுக் குடியானவச் சமூகம், நைல் நதியின் பெயரைக்கூட அறியாமல், தன் மரித்தோரை நெருப்பின் சூட்டாலும் புகையாலும் உலர்த்திக் காத்து வந்தது என்பதைப் பலர் அறியார். அவர்கள் காத்தது கொடுங்கோலரை அல்ல; தம் பாட்டன் பாட்டிமாரை.

பிலிப்பைன்ஸின் பெருந்தீவாகிய லூசோனின் வடபாகத்தில் கோர்டில்லேரா என்னும் மலைத்தொடர் உள்ளது. அங்கு வாழும் பல்வேறு குடியினரை வெளியார் பொதுவாக இகோரோட் என்பர். மலையில் உள்ளோர் என்பதே அதன் பொருள். அவர்களுள் ஒரு பிரிவினரே இபலோய் மக்கள். மலைத்தொடரின் தென்புறமாகிய பெங்கெட் மாகாணம், குறிப்பாக அக்னோ ஆற்றின் மேற்பள்ளத்தாக்கு, இவர்களது தாயகம். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி நெல்லும், மேட்டு நிலத்தில் வத்தாளங்கிழங்கும் பயிரிட்டனர், மாடு வளர்த்தனர், ஆற்று மணலிலும் பாறை வெடிப்பிலும் பொன் எடுத்துச் சமவெளி வணிகருக்கு விற்றனர். இன்று பிலிப்பைன்ஸின் கோடைகாலத் தலைநகர் எனச் சொல்லப்படும் பாகியோ நகரம் எழுந்துள்ள இடம், ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் கஃபாக்வே என அழைக்கப்பட்ட இபலோய் மேய்ச்சல் நிலமாகும்.

பிலிப்பைன்ஸ் என்றதும் நம் வாசகர்க்குத் தெற்கே மிந்தனாவோவின் மோரோ முஸ்லிம்களே முதலில் நினைவுக்கு வருவர். வடக்கே மலையிலிருந்த இகோரோட்டுகளும் தெற்கே கடலோரத்திலிருந்த மோரோக்களும் ஒருவரையொருவர் கண்டறியாதவர்கள். மொழியாலும் மார்க்கத்தாலும் வேறானவர்கள். எனினும் ஸ்பானியர் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டும் முழுமையாக அடக்க முடியாமற்போன மக்கள் இவ்விரு சாராரும் ஆவர். அவர்களுக்குப் பின்னர் வந்த அமெரிக்கர் 1901ஆம் ஆண்டில் "கிறிஸ்தவரல்லாத குடிகளுக்கான பணியகம்" என ஒன்றை நிறுவி, இரு சாராரையும் ஒரே கோவைக்குள் அடக்கினர். ஒரு மக்களை அவர்கள் யார் என்று சொல்லாமல், யார் இல்லை என்று மட்டும் சொல்லி வகைப்படுத்தும் இந்த உத்தியை நாமும் நம் நாட்டுப் படிவங்களிலே கண்டிருக்கின்றோம்.

இனி விடயத்துக்கு வருவோம். பெங்கெட்டின் கபாயான் என்ற ஊரைச் சூழவுள்ள குகைகளில்தான் நெருப்பால் பதனிட்ட இவ்வுடல்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் பழைமையைப் பெரும்பாலும் கி.பி. 12ஆம் நூற்றாண்டுக்கும் 15ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாகக் கூறுவர். பதனிடும் முறை எந்த ஏட்டிலும் எழுதிவைக்கப்பட்டதன்று. முதியோர் வாய்வழியாகச் சொன்னதையும், உடல்களைச் சோதித்தோர் கண்டதையும் ஒட்டிப் பார்த்தே அது அறியப்பட்டுள்ளது.

மரணம் நெருங்கிவிட்டதென அறிந்தவர் மிகுந்த உப்புக் கலந்த நீரைப் பருகுவார். சிலர் உயிர் பிரிந்த பின்னரே அந்நீர் வாயில் ஊற்றப்பட்டதென்பர். பின்னர் உடலைக் குளிர்நீரால் கழுவி, சங்காடில் எனப்படும் மர நாற்காலியில் அமர்த்தி, சாய்ந்துவிடாதபடி துணியால் கட்டுவர். நாற்காலியின் கீழே தணல் மூட்டப்படும். சுவாலை எழக்கூடாது, சூடும் புகையும் மட்டுமே உடலில் படவேண்டும். உடலிலிருந்து வடியும் நீரை ஒரு பாத்திரத்தில் ஏந்துவர். அதனைக் கீழே சிந்தவிடுவது மரித்தவருக்குச் செய்யும் அவமரியாதை. சில நாட்கள் கழித்து உடலை வெயிலில் வைத்து, மேற்றோலை முதியோர் கையாலேயே மெல்ல உரித்தெடுப்பர். அதன்பின் கொய்யா இலை முதலிய காட்டுத் தழைகளை இடித்துப் பிழிந்த சாற்றைத் திரும்பத் திரும்பப் பூசி, மறுபடியும் புகையில் வைப்பர். கடைசியில் ஒருவர் புகையிலைப் புகையை மரித்தவரின் வாய்வழியே உள்ளே ஊதுவார். உட்புறம் உலர்வதற்கும் புழு பூச்சி அண்டாதிருப்பதற்கும் இது உதவும் என நம்பினர். வாரங்கள் சென்று மாதங்களாகும். செல்வரின் உடலாயின் ஓராண்டுக்கும் மேல் சென்றதாகச் சொல்வர்.

எகிப்தியர் வயிற்றைக் கீறிக் குடலையும் ஈரலையும் எடுத்துச் சாடிகளில் அடைத்தனர். மூளையை மூக்குவழியே வெளியேற்றினர். இபலோய் மக்களோ உடலில் கத்தி வைக்கவில்லை. உள்ளுறுப்புகள் இருந்தபடியே உள்ளே வற்றிக் கிடக்கின்றன. கட்டித்துணி சுற்றி முகத்தை மறைக்கவுமில்லை. அதனால்தான் சில உடல்களில் தலைமயிரும் பல்லும் நகமும் பச்சைக்கோலமும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. எகிப்தில் இத்தொழிலைச் செய்தவர் கூலிக்கு வேலை செய்த வல்லுநர்கள். இங்கே அதனைச் செய்தவர்கள் சொந்த உறவினரும் ஊர் முதியோரும். தகப்பனின் தோலைத் தன் விரல்களால் உரித்து, அவர் வாயோடு வாய் வைத்துப் புகை ஊதும் ஒரு மகனை நினைத்துப் பார்க்கையில் நமக்கு உடல் கூசுகின்றது. ஆனால் அருவருப்பை வெல்லுமளவுக்கு அங்கே வேறொன்று இருந்திருக்க வேண்டும்.

எல்லாருக்கும் இந்த மரியாதை கிடைத்ததா? இல்லை. மாதக்கணக்கில் விறகும் ஆளும் தேவை. வருவோர் போவோருக்கெல்லாம் சோறும் இறைச்சியும் வேண்டும். ஆகவே இது பக்னாங் எனப்பட்ட செல்வக் குடும்பத்தாரின் வழக்கமாகவே பெரிதும் இருந்தது. பொன்னும் மாட்டு மந்தையும் வயலும் அவர்களிடம் குவிந்திருந்தன. ஏழைகள் சில நாள் சடங்குடன் அடக்கம் செய்யப்பட்டனர். மரித்தவரைப் போர்த்தும் போர்வையில்கூட, இன்ன குடும்பத்தார்க்கு இன்ன கரை என்ற வரையறை உண்டு. மரணம் எல்லாரையும் சமமாக்கும் என்பது நாம் ஓயாமற் சொல்லும் வாசகம். அதனை நடைமுறையில் கொண்டுவருவதற்கு மூன்று துண்டு வெள்ளைக் கபன் துணி என்ற விதி நமக்குத் தேவைப்பட்டது. இபலோய் மலையில் அத்தகைய விதி இருக்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டு அவர்களை வெறுமனே புகழ்ந்துகொண்டிருப்பது வரலாறாகாது.

உலர்ந்த உடலை முழங்கால்கள் நெஞ்சைத் தொடும்படி மடக்கி, தாயின் கருவறையிலே சிசு இருப்பதுபோல் ஆக்கி, பைன் மரக்குற்றியைக் குடைந்து செய்த பெட்டியினுள் இருத்துவர். சில பெட்டிகளின் மூடியில் மனித உருவும் பல்லியும் கோடுகளும் செதுக்கப்பட்டுள்ளன. பெட்டிகளைச் சுமந்துகொண்டு மலையேறி, மனித நடமாட்டமில்லாத குகைகளில் வைத்தனர். இவற்றுள் பேர்பெற்றது திம்பாக் மலைக்குகை. கடல் மட்டத்திலிருந்து 2,700 மீற்றரை எட்டும் அம்மலையின் குளிரும் வறண்ட காற்றும் உடல்களைக் காத்ததில் பெரும் பங்கு வகித்திருக்கும். தினோங்சோல் என்ற இடத்தில் குகையில்லை. ஒரு பெரும் பாறையையே குடைந்து மாடங்கள் அமைத்துப் பெட்டிகளை அடுக்கியுள்ளனர். கபாயான் ஊருக்குள்ளேயே இருக்கும் ஒப்தாஸ் குகையிலோ பெட்டிகளுமில்லை, பதனிட்ட உடல்களுமில்லை. ஏறத்தாழ இருநூறு மண்டையோடுகளும் எலும்புகளும் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. கொள்ளைநோய் ஒன்றில் கூட்டமாக மாண்டவர்கள் என்று ஊரார் சொல்வதுண்டு. அதே ஊரில் இன்று குழந்தைகள் அந்தக் குகை வாயிலைக் கடந்துதான் ஓடியாடித் திரிகின்றனர்.

உடலைக் காத்ததோடு கடமை முடிந்துவிடவில்லை. உண்மையில் இபலோய் மக்களின் சிறப்பு புகையிலும் உப்பிலும் இல்லை. அதற்குப் பின்னர் தொடரும் உறவிலேயே உள்ளது. கபுன்யான் என்ற பெரிய தெய்வத்தை அவர்கள் நம்பினர். எனினும் அன்றாட வாழ்வின் நன்மை தீமைகளில் தலையிடுவோர் காஅபுவான் எனப்பட்ட முன்னோர்களே. லூசோனின் மிக உயர்ந்த சிகரமாகிய புலாக் மலையில் அவர்கள் வாழ்வதாக நம்பிக்கை. அங்கும் அவர்களுக்குப் பசிக்கும், குளிரும். மலையுச்சி அல்லவா, குளிரத்தானே செய்யும்! குளிரும்போது பிள்ளைகளின் கனவில் வந்து போர்வை கேட்பர். பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது, வேர் குத்துகின்றது என முறையிடுவர். வீட்டில் ஒருவருக்குத் தீராத நோய் கண்டாலும் அதுவும் ஒரு செய்தியாக இருக்கலாம்.

அப்போது குடும்பத்தார் மம்புனோங் என்னும் சடங்கு முதியவரை நாடுவர். எந்த முன்னோர், என்ன கேட்கின்றார் என்று தெளிந்த பின்னர் விலங்கு அறுத்து, அரிசி மது படைத்து, சங்கிலித் தொடராகப் பாட்டன் முப்பாட்டன் பெயர்களை அழைத்து வேண்டுவர். தேவைப்படின் பெட்டியைத் திறந்து எலும்புகளைத் துடைத்துப் புதுப் போர்வை சுற்றி மீண்டும் வைப்பர். ஊர் முழுவதும் கூடி உண்ணும். வெண்கலத் தாளமும் நீள் மத்தளமும் முழங்க ஆணும் பெண்ணும் கைவிரித்து ஆடுவர். இத்தகைய விருந்துச் சடங்குகளைப் பொதுவாகக் கன்யாவ் என்பர். மரண வீட்டில் பாதிவ் என்றொரு பாடல் உண்டு. ஒருவர் அவ்விடத்திலேயே சொற்கட்டி மரித்தவரைப் பற்றியோ, மரித்தவரை நோக்கியோ பாடுவார். சுற்றியிருப்போர் ஒரே குரலில் ஈற்றைத் திருப்பிச் சொல்வர். எழுதிவைக்கப்பட்ட பாடம் இல்லை. நமது கிழக்கு மாகாணத்து மூதாட்டிமார் ஒப்பாரியாகவும் கவியாகவும் கட்டிச் சொன்னவற்றைக் கேட்டவர்களுக்கு இது எவ்வகைக் கலை என விளக்கத் தேவையில்லை.

இங்கே நம் மார்க்கத்தின் நிலைப்பாட்டைச் சொல்லாமற் செல்ல முடியாது. காபீல் தன் சகோதரன் ஹாபீலைக் கொன்றுவிட்டு உடலை என்ன செய்வதென்றறியாது திகைத்தபோது, மண்ணைக் கிளறிக் காட்டிய காகத்தின் கதையிலிருந்தே நமது அடக்க முறை தொடங்குகின்றது. மையித்தைக் காலந்தாழ்த்தாமல் மண்ணுக்குள் வைப்பதே நம் வழி. மரித்தோர் கனவில் வந்து கேட்பதைப் பலியிட்டு நிறைவேற்றுவது நம் கொள்கைக்கு முற்றிலும் மாறானது. இதில் ஐயமில்லை. ஆனால் யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றதும், இது யூதரின் ஜனாஸா என்று தோழர்கள் கூறியபோது, அவரும் ஓர் ஆன்மாதானே என்ற கருத்தில் விடையளித்ததும் நாம் அறிந்ததே. ஒரு நம்பிக்கையை ஏற்காதிருப்பது வேறு, அந்த நம்பிக்கையோடு மரித்தவர்க்கு எழுந்து நிற்பது வேறு. மேலும், மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பதாம் நாள் கத்தம் கூடுமா, கூடாதா என்று நமக்குள்ளேயே எத்தனை பள்ளிவாசல்களில் குரல் உயர்ந்திருக்கின்றது! அந்த வாதத்தில் எந்தப் பக்கம் நிற்பவராயினும், மரித்தவரை உடனே மறந்துவிட மனித மனம் ஒப்பாது என்பதை அவ்வாதமே காட்டும்.

இதே வாதம் பெங்கெட்டிலும் நடந்தது, வேறு வடிவில். ஸ்பானியர் பொன்னைத் தேடி 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இம்மலைகளுக்குப் படை அனுப்பினர், நிலைகொள்ள முடியவில்லை. 1829இல் கல்வேய் என்ற படைத் தலைவன் இன்றைய லா திரினிதாத் பள்ளத்தாக்கை அடைந்தான். 1846இல் பெங்கெட் ஒரு இராணுவ நிர்வாகப் பிரிவாக்கப்பட்டது. சுங்கமும் வரியும் வந்தன. கூடவே, பிரேதத்தைப் புகையிலிட்டு மாதக்கணக்கில் வீட்டில் வைத்திருப்பது காட்டுமிராண்டித்தனம் என்ற கண்டனமும், மண்ணில் புதைக்க வேண்டுமென்ற கட்டளையும் வந்தன. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஆட்சியும் பாடசாலைகளும் கிறிஸ்தவ மிஷன்களும் மீதியைச் செய்து முடித்தன. பதனிடும் கலை மறைந்தது. நாற்காலியில் அமர்த்தும் வழக்கம் மட்டும் புகையின்றி, சில நாட்களுக்கு மட்டும், சில ஊர்களில் நெடுங்காலம் நீடித்தது. கன்யாவை விட்டொழித்தவர்கள் ஒருபுறம், ஞாயிறு தேவாலயத்துக்கும் போய் வீட்டில் மம்புனோங்கையும் அழைப்பவர்கள் இன்னொருபுறம் என இபலோய் குடும்பங்கள் பிரிந்தன. அக்காலத்தில் பெங்கெட்டில் வாழ்ந்த அமெரிக்கராகிய மொஸ் என்பார் 1920இல் வெளியிட்ட "நபலோய் சட்டமும் சடங்கும்" என்ற நூல், மறைந்துகொண்டிருந்த சடங்குகள் பலவற்றை எழுத்தில் பிடித்துவைத்தது. ஆள வந்தவர்களின் நூலில் தம் பாட்டனின் மந்திரத்தைத் தேடும் நிலை பின்வந்த தலைமுறைக்கு ஏற்பட்டது.

சடங்கைத் தடுத்தவர்களைவிட, உடலைத் திருடியவர்கள் செய்த கேடு பெரிது. குகைகளுக்குக் கதவில்லை; காவலில்லை. முன்னோரின் சாபம் ஒன்றே காவலாக இருந்தது. அச்சாபத்தை நம்பாதவன் வந்தபோது அந்தக் காவல் பயனற்றுப்போயிற்று. பழம்பொருள் வியாபாரிகள் பெட்டிகளைச் சுமந்து சென்றனர். வந்து பார்த்தோர் மண்டையோட்டை நினைவுப் பொருளாக எடுத்துப்போயினர். பெட்டிகளில் தம் பெயரைக் கீறிவிட்டும் போயினர்.

இவ்வாறு திருடப்பட்டவர்களுள் அப்போ அன்னோவின் கதை தனித்துச் சொல்லத்தக்கது. அப்போ என்பது முதியோர்க்கும் முன்னோர்க்கும் உரிய மரியாதைச் சொல். நாம் அப்பா, மூத்தவாப்பா என்று அழைப்பதுபோல. பெங்கெட்டின் புகுவியாஸ் பகுதியில் நபாலிகோங் என்ற இடத்தைச் சேர்ந்த பெரும் வேட்டைக்காரரும் தலைவருமாகிய அவர், மானிடத் தந்தைக்கும் தெய்வப் பெண்ணுக்கும் பிறந்தவர் என்பது ஐதீகம். உடல் முழுவதும் பச்சைக்கோலம். 1918க்கும் 1920க்கும் இடையில் அவரது உடல் குகையிலிருந்து திருடப்பட்டது. அதன்பின் அது மணிலாவின் கேளிக்கைக் கூடாரங்களிலே காசுக்குக் காட்டப்பட்டது. மலைமேல் அவருக்காக ஊர் காத்திருக்க, சமவெளியில் சீட்டு வாங்கி வந்த கூட்டம் அவரைச் சுற்றி நின்று சிரித்திருக்கும். பின்பு கைமாறிக் கைமாறிச் சென்று, ஒரு பழம்பொருட் சேகரிப்பாளர் மூலம் 1984இல் தேசிய அரும்பொருளகத்தைச் சேர்ந்தது.

அவர் இல்லாத காலமெல்லாம் மழை பொய்த்தாலும், பயிர் கெட்டாலும், நிலம் நடுங்கினாலும், கொள்ளைநோய் வந்தாலும் மலைமக்கள் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். அப்போ அன்னோ தன் இடத்தில் இல்லை. 1990இல் பாகியோவைத் தரைமட்டமாக்கிய பெரும் பூகம்பத்துக்கும் இதுவே காரணமென நம்பியோர் உண்டு. பூகம்பம் பூமியின் உள்ளே தட்டுகள் நகர்வதால் வருகின்றது என்று நான் வகுப்பில் கற்பிப்பவன். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆயினும், நம் மூத்தவர் ஒருவர் அந்நியர் நடுவே ஆடையின்றிக் காட்சிப்பொருளாகக் கிடக்கின்றார், நம்மால் ஒன்றும் செய்ய இயலவில்லை என்ற வேதனை இரண்டு தலைமுறைக்கு மேல் ஒரு சமூகத்தின் நெஞ்சில் கிடந்தால், அது வெளிவருவதற்கு வேறென்ன மொழி இருந்திருக்கும்? ஊரார் விடாமற் கேட்டனர். 1999இல் அப்போ அன்னோ திரும்பினார். விலங்குகள் அறுக்கப்பட்டு, கன்யாவ் நடத்தப்பட்டு, அவர் தம் மலையில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டார். ஏறத்தாழ எண்பது ஆண்டு கால அலைச்சல்.

கபாயான் குகைகளைத் தேசியப் பண்பாட்டுச் செல்வம் என்று 1973ஆம் ஆண்டிலேயே ஜனாதிபதி ஆணை பிரகடனப்படுத்தியிருந்தது. 1998இல் உலக நினைவுச்சின்ன நிதியம் அழிவை எதிர்நோக்கும் நூறு இடங்களின் பட்டியலில் அவற்றைச் சேர்த்தது. 2006இல் பிலிப்பைன்ஸ் அரசு யுனெஸ்கோவின் உலக மரபுரிமை உத்தேசப் பட்டியலுக்கு அவற்றை முன்மொழிந்தது. இவையெல்லாம் காகிதத்தில் நடந்தவை. குகையில் நடந்தது, இரும்புக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டு மாட்டியது. திறப்பு ஊர்க்காரரிடம் இருக்கின்றது. பார்வையாளருக்காகக் கதவு திறக்கப்படும்போது முதியவர் ஒருவர் சிறிது ஜின் மதுவைப் படைத்து, வந்திருப்போர் யார், ஏன் வந்தனர் என்பதை உள்ளிருப்போருக்கு எடுத்துச் சொல்லி அனுமதி கேட்பார். மது நமக்கு விலக்கப்பட்டது. ஆனால் மையவாடிக்குள் கால் வைக்குமுன் கப்ராளிகளுக்கு ஸலாம் சொல்லிப் பழகிய நமக்கு, வாசலில் நின்று பேசும் அந்த முதியவர் விநோதமானவராகத் தோன்றமாட்டார்.

கதவு போட்டதால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பூஞ்சணமும் பூச்சியும் பூட்டுக்கு அடங்குவதில்லை. சுற்றிலும் காடு வெட்டப்பட்டு மரக்கறித் தோட்டங்கள் பெருகி வருகின்றன. அரும்பொருளகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தால் உடல் இன்னும் பல நூற்றாண்டு தாங்கலாம். குகையில் விட்டால் மெல்ல மெல்ல மண்ணாகலாம். நிபுணர்கள் சிலர் முன்னதை விரும்புவர். என் சிற்றறிவுக்கு எட்டியவரை, இதில் முடிவு சொல்ல வேண்டியவர்கள் பேரப்பிள்ளைகளே. புகையில் வைத்துக் காத்தவர்கள் ஆராய்ச்சியாளருக்காகக் காக்கவில்லை.

இந்தக் கேள்வி எலும்புகளோடு மட்டும் நிற்பதன்று, நிலத்தோடும் பிணைந்தது. மத்தேயோ கரின்யோ என்ற இபலோய் தலைவர், பாகியோவில் தம் குடும்பம் பரம்பரையாக ஆண்டுவந்த 146 ஹெக்டேயர் நிலத்தை அமெரிக்க நிர்வாகம் அரச காணி என்றபோது, 1903இல் நீதிமன்றம் சென்றார். உறுதி எங்கே என்று கேட்டனர். உறுதி இல்லை. பாட்டன் அங்கே வாழ்ந்தார், வேலியிட்டார், மாடு வளர்த்தார், தந்தை பயிரிட்டார் என்ற வாய்மொழிச் சாட்சியமே இருந்தது. வழக்கு கடல் கடந்து வொஷிங்டன் உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1909 பெப்ரவரி 23ஆம் திகதி, நினைவுக்கு எட்டிய காலந்தொட்டுத் தனியுரிமையாக ஆளப்பட்ட நிலம் ஒருபோதும் அரச நிலமாக இருந்ததில்லை என்றே கொள்ள வேண்டும் என்ற கருத்தில் நீதியரசர் ஹோம்ஸ் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பைக் கேட்கக் கரின்யோ உயிரோடில்லை. முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். நிலமும் குடும்பத்தின் கைக்கு வரவில்லை. அது அமெரிக்கப் படையினரின் ஓய்வுத்தளத்துக்குள் சென்றுவிட்டிருந்தது. எனினும் அந்தத் தீர்ப்பின் அடிப்படையே, 1997இல் பிலிப்பைன்ஸ் இயற்றிய பழங்குடி மக்கள் உரிமைச் சட்டத்துக்குள் புகுந்தது. உறுதிப் பத்திரம் இல்லாத மக்களுக்கு முன்னோர்தான் உறுதி. அவர்கள் அங்கே வாழ்ந்தனர், அங்கேயே கிடக்கின்றனர் என்று கைகாட்டக் கூடிய ஒரு குகை, காணிக் கந்தோரில் கிடைக்கும் எந்தக் கடதாசிக்கும் குறைந்ததன்று. 1956இல் அம்புக்லாவோ அணையும் 1960இல் பிங்கா அணையும் அக்னோ ஆற்றை மறித்தபோது, இபலோய் மக்கள் வயலையும் வீட்டையும் மட்டும் இழக்கவில்லை. நீரில் மூழ்கிய நிலத்தோடு அந்தச் சாட்சியங்களும் மூழ்கின.

நமது நாட்டிலும் இதற்கு உதாரணம் இல்லாமலில்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நூறாண்டுக்கு மேலாகக் கிடந்த ஒன்பது வேடர் மண்டையோடுகள் 2019இல்தான் வேடர் தலைவரிடம் கையளிக்கப்பட்டன. அடுத்த ஆண்டே நம் முறை வந்தது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் மரித்தோரை எரிப்பது வர்த்தமானி மூலம் கட்டாயமாக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று சொல்லியிருந்தும் அது செவியில் ஏறவில்லை. பிறந்து இருபது நாளேயான பாலகனும் அந்த நெருப்புக்குத் தப்பவில்லை. 2021 பெப்ரவரியின் இறுதியில் கட்டளை மாறியது. மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் மண் திறக்கப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. நெருப்பு இபலோய் மக்களுக்குப் பாதுகாப்பு. நமக்கோ அது தாங்கவொண்ணா நிந்தை. ஆனால் மரித்தவரை எப்படி அனுப்பி வைப்பது என்பதை, மரித்தவரின் சொந்தக்காரரைக் கேளாமல் அரசு தீர்மானிக்கும்போது எழும் வலி, மலையிலும் ஒன்றுதான், ஓட்டமாவடியிலும் ஒன்றுதான். 2020க்கு முன்னர் கபாயான் பற்றி வாசித்திருந்தால் நான் அதனை ஒரு விநோதச் செய்தியாகக் கடந்து போயிருப்பேன்.

கடைசியாக ஒரு செய்தி. இபலோய் மக்களின் பச்சைக்கோலத்துக்கு புரிக் என்று பெயர். உயிரோடிருந்த உடல்களில் அது 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே அருகிப்போய்விட்டது. பாடசாலையும் தேவாலயமும் அதனை வெட்கத்துக்குரியதாக்கின. கோலத்தின் இலக்கணத்தை அறிந்த குத்துநர் எவரும் மிஞ்சவில்லை. ஆனால் குகைகளில் உலர்ந்த தோலின்மீது, தோளிலிருந்து மணிக்கட்டு வரை, தொடையிலிருந்து கணுக்கால் வரை, வளைகோடுகளும் வட்டங்களும் பிராணிகளின் உருவங்களும் அழியாமல் இருந்தன. அனலின் சல்வடோர் அமோரெஸ் என்ற பிலிப்பைன்ஸ் மானிடவியலாளர் அவற்றை ஆராய்ந்து 2012இல் கட்டுரை வெளியிட்டார். அண்மைக் காலத்தில் பெங்கெட்டின் இளைஞர் சிலரும், அமெரிக்காவில் குடியேறிய மலைமக்களின் பிள்ளைகளும் அந்தக் கோலங்களையே பார்த்துத் தம் கைகளில் குத்திக்கொள்கின்றனர். பச்சை குத்துவது நமக்குக் கூடாத செயல். இருந்தும், பாட்டனின் மொழியைச் சரளமாகப் பேசத் தெரியாத பேரன் ஒருவன், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் மரித்த ஒருவரின் முன்கையையும் தன் முன்கையையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கோடு சரியாக விழுந்திருக்கின்றதா என்று சோதிப்பதை நினைக்கையில், புகைமூட்டிய அந்த மகனின் உழைப்பு வீண்போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகின்றது.